பெரர் என்ற பெயர் நெய்வேலிக்கு வந்த வழி

நெய்வேலியில் பெரர் என்ற பெயரோடு மூன்று பேர் இருக்கிறார்கள் என்று ஸ்பெயின் தேசத்தில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, கூடத்தில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவரின் காதில் இந்தச் சேதி விழுந்ததும் அவர் கை பாதியில் நின்றுவிட்டது. வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவரால் சிரிக்க முடியாது.

கம்பெனி ரிக்கார்டில் அவர் எஸ். வின்சென்ட் பெரர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் அறுந்தால் ஒட்டுகிற கேங்கில் சீனியர். வருகிற ஏப்ரல் முப்பதாம் தேதி அறுபது வயது நிறைந்து ரிட்டையர் ஆகிறார். ஆனால் அவருக்கு நிஜமாகவே ஆன வயது ஐம்பத்தேழு. தாய் தகப்பன் வைத்த பெயர் செல்வநாதன். இது பழைய ஊர்க்காரர்கள் சிலருக்குத் தெரியும். கட்டிய மனைவிக்குத் தெரியாது, பெற்ற மகளுக்குத் தெரியாது. நாம் தெரிந்துகொண்டுவிட்டோம், ஆகவே அவரைச் செல்வநாதன் என்றே சொல்வோம். முப்பத்தொன்பது வருஷமாக அந்த மனுஷனை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

மகள் ஜெனிஷாவுக்கு பெங்களூரில் வேலை. ஒரு வாரம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தாள். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "அப்பா, இங்க வந்து பாருங்களேன். நம்ம பேரோட மேப்பு," என்றாள்.

உலகப்படத்தில் சிவப்புப் புள்ளிகள் அம்மைபோல் கிடந்தன.

"இதுதான் பார்சிலோனா பக்கம். இது வேலன்சியா. இதெல்லாம் கடல்ல இருக்கற தீவுங்க. இங்க எல்லாம் ஃபெரர்ங்கறது ரொம்ப சகஜமான குடும்பப் பேராம்ப்பா, தெருவுக்கு ரெண்டு பேர் இருப்பாங்க போல. அங்கருந்து கப்பல் ஏறினவங்க கியூபா, பிலிப்பைன்ஸ்னு போயிருக்காங்க. இந்தியாவுல அங்கொண்ணும் இங்கொண்ணுமா இருக்கு. இதோ, இது நாம. நெய்வேலி, மூணு."

மகள் வாயில் அது ஃபெரர். ஊரார் வாயில் பெரர். செல்வநாதன் அந்தச் சின்னப் புள்ளியையே பார்த்தார். புள்ளி கடலூர் மாவட்டத்தின் நடுவில், யாரோ விரலை வைத்துக் காட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது.

"யாரு எண்ணுனது?" என்றார்.

"அந்தப் பேர்க்காரங்களுக்குன்னு ஒரு சங்கம் இருக்குப்பா. உலகத்துல எத்தனை பேர் இருக்காங்க, பேரு எப்படிப் போச்சுன்னு கணக்கெடுக்கறாங்க. எனக்கு மெயில் போட்டாங்க, வீட்டுல நாம மூணு பேருன்னு பதில் போட்டேன். இப்ப ஃபார்ம் நிரப்பிகிட்டிருக்கேன்."

"நம்மள எதுக்கு எண்ணிகினு? நம்ம பாட்டுக்கு இருக்கறோம்."

சமையல்கட்டிலிருந்து மேரிசெல்வி எட்டிப் பார்த்தார். "பேருக்கு அர்த்தம் என்னன்னு கேளுங்க. காலைல சொன்னா."

"கட்டலான்னு ஒரு பாஷைம்மா. அதுல ஃபெரர்னா கொல்லர். இரும்பைக் காய்ச்சி அடிக்கறவர்."

"நாம கொல்லருங்களா? உங்க அப்பா வூட்டுல மணிலாக் கடலை இல்ல போட்டுகினு இருந்தாங்க?" என்று மேரிசெல்வி சிரித்தார். அவர் காடாம்புலியூர்க்காரர், முந்திரித் தோப்புக்குள் வளர்ந்தவர். மாமனார் வீட்டு நிலத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அவர் வாழ்க்கைப்பட்டு வருவதற்குள் அது சுரங்கத்துக்குள் போயிருந்தது.

செல்வநாதன் கையோடு கழற்றிய சட்டையை மறுபடி போட்டுக்கொண்டார். இரும்பு, காய்ச்சி என்ற இரண்டு சொற்களும் காதில் விழுந்த மாத்திரத்தில் இடது முன்கையை மறைக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

"குடும்பத்துலயே பழைய ஞானஸ்நானப் பதிவு ஒண்ணு வேணுமாம்," என்று ஜெனிஷா சொல்லிக்கொண்டு போனாள். "உங்களோடதையே எடுத்துடலாம்னு காலனிக் கோயிலுக்கு போன் பண்ணினேன். சுரங்கத்துல போன நம்ம பழைய ஊர்ப் புத்தகமெல்லாம் அங்கதான் இருக்காம். சனிக்கிழமை வாங்கன்னு ஃபாதர் சொல்லிட்டாரு."

அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மேரிசெல்வி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெயில் என்றார்.

*

பயம் என்றால் சும்மா ஒரு பயமில்லை. அது எங்கே பிறந்தது என்று சொல்லியாக வேண்டும்.

செல்வநாதனின் அப்பா சவரிமுத்துவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் 1966 ஏப்ரல் ஐந்தாம் தேதி பிறந்தான். கோயில் காலண்டரில் அன்று புனித வின்சென்ட் பெரர் திருநாள். அந்தக் காலத்துப் பங்குச் சாமியார் அதிகம் யோசிக்கிறவர் இல்லை. அன்றைய தேதியில் எந்தப் புனிதரோ அவர் பெயரை முழுசாகத் தூக்கிப் பிள்ளைக்கு வைத்துவிடுவார். அதில் பாதி பெயர், பாதி வேலன்சியா தேசத்து யாரோ ஒரு கொல்லர் பரம்பரையின் குடும்பப் பெயர் என்று மணிலாக் கொல்லை சவரிமுத்துவுக்கு எப்படித் தெரியும்? மூன்று வருஷம் கழித்து இளையவன் பிறந்தபோது அந்தச் சாமியார் மாறிப் போயிருந்தார். ஆகையால் அவனுக்குச் செல்வநாதன் என்று நல்ல தமிழ்ப் பெயர் கிடைத்தது.

பெரர் படித்தான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். செல்வநாதன் பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்டவன். நிலம் சுரங்கத்துக்கு எடுக்கப்பட்டபோது, குடும்பத்துக்கு ஒரு வேலை என்ற பட்டியலில் பெரரின் பெயர் ஏறியது. ஆர்டர் எப்போது வரும் என்று வீடே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நாளில் பெரருக்கு மஞ்சள்காமாலை வந்தது. பதினோராவது நாள் போய்விட்டான். இருபது வயது.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த வாரத்தில் தபால்காரர் ஆர்டரைக் கொண்டுவந்தார்.

சவரிமுத்து அதை மடித்து மடியில் செருகிக்கொண்டார். மறுநாள் சின்னவனைக் கூப்பிட்டார். "நிலமும் போச்சு. புள்ளையும் போயிட்டான். வேலையும் போவக்கூடாது. இனிமே நீதான்டா பெரர்," என்றார். மனுப் போட்டுப் பெயர் மாற்றிக் கேட்கலாமே என்று யாரோ சொன்னார்கள். பத்தாவது ஃபெயிலான பிள்ளைக்கு யார் மாற்றித் தருவார்கள்? ஊரில் எல்லார் வீட்டிலும் நிலம் போயிருந்தது, எல்லார் வயிறும் எரிந்துகொண்டிருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல். பெரரின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அங்க அடையாளம் என்று இரண்டு எழுதியிருந்தது. கழுத்தில் ஒரு மச்சம். அது தெய்வாதீனமாகச் சின்னவனுக்கும் கொஞ்சம் தள்ளி இருந்தது. இரண்டாவது, இடது முன்கையில் தீக்காயத் தழும்பு. வேலைக்கான மெடிக்கல் டெஸ்டில் டாக்டர் அதைத்தான் முதலில் பார்ப்பார் என்று கேள்விப்பட்டிருந்தார்கள்.

உழ நிலமில்லாமல் கலப்பை மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. சவரிமுத்து அதிலிருந்து இரும்புக் கொழுவைக் கழற்றினார், அடுப்பில் வைத்தார், சிவக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா பின்பக்கமாக வந்து பிள்ளையின் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்பா அழுதுகொண்டேதான் வைத்தார். பதினெட்டு வயதுப் பையன் வாயில் துணியைக் கடித்துக்கொண்டு, அண்ணன் பெயரைக் கையில் வாங்கிக்கொண்டான்.

புண் ஆற ஒரு மாசம் ஆயிற்று. டாக்டர் இரண்டு விநாடி பார்த்துவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார்.

அதற்கப்புறம் வந்த முப்பத்தொன்பது வருஷத்தையும் செல்வநாதன் வாழ்ந்தார் என்று சொல்வதைவிட ஒளிந்திருந்தார் என்று சொல்லலாம். கையெழுத்தை நோட்டு நோட்டாக எழுதிப் பழகினார். கேங்கில் அவரைவிடச் சுத்தமாகப் பெல்ட் ஜாயிண்ட் போட ஆளில்லை. ஆனால் நல்ல தொழிலாளி பரிசுக்குப் பெயர் வந்தபோது, பத்திரிகையில் போட்டோ வரும் என்று பயந்து வயிற்றுப்போக்கென்று லீவு போட்டுவிட்டார். அது பெருந்தன்மை என்று ஊர் பேசிக்கொண்டது. ஒருமுறை வடக்குத்துவில் பஸ்ஸுக்கு நின்றபோது பின்னால் யாரோ "செல்வநாதா" என்று கூப்பிட்டார்கள். வேறு யாரையோதான். அவர் திரும்பவில்லை. பஸ்ஸும் ஏறவில்லை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ள, குவார்ட்டர்ஸ் வரைக்கும் நடந்தே வந்தார். ஆதாருக்கு விரல் வைத்தபோது, மெஷின் பெயரை உரக்கச் சொல்லிவிடுமோ என்று நினைத்தார்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசித்தார்கள். வின்சென்ட் பெரருக்கும் மேரிசெல்விக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லவும் என்று. மூன்று ஞாயிறும் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தடை ஒருவருக்கு நன்றாகவே தெரியும், அவர்தான் மாப்பிள்ளை. தாலி கட்டியது யார், அண்ணனா நானா என்ற கேள்வி அன்றைக்கு நெஞ்சில் உட்கார்ந்தது. இன்னும் எழுந்துபோகவில்லை. தவக்காலம் தோறும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு, கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். பொய் சொன்னேன் என்பதில் எல்லாம் அடங்கும் என்று ஒரு நினைப்பு.

இவை எல்லாவற்றையும்விட மோசமான நாள் நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். மேரிசெல்வி செத்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்: சவரிமுத்து, மரியபுஷ்பம், செல்வநாதன். சுரங்கத்துக்காக ஊர் காலியானபோது, ஊர்க்காரர்களைக் குடிவைத்த காலனியின் கோயில் பக்கம் கல்லறைகளையும் ஜெபம் சொல்லி மந்திரித்து மாற்றியிருந்தார்கள். அண்ணனின் சிலுவையில் அப்பா செல்வநாதன் என்று எழுதிவிட்டார். மேரிசெல்வி தான் பார்த்தேயிராத கொழுந்தனாருக்கு வருஷா வருஷம் மெழுகுவத்தி ஏற்றினார். சாமியார் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்து "செல்வநாதன்" என்பார். பிறந்தபோது வைத்த பெயரைச் செல்வநாதன் காதால் கேட்பது வருஷத்தில் அந்த ஒரு தடவைதான். செத்தவர்கள் பட்டியலில்.

அப்பா எல்லாவற்றையும் மாற்றினார். ஒன்றே ஒன்று அவர் கைக்கு எட்டவில்லை. அண்ணனை அடக்கம் செய்த அன்று, ஆர்டர் வருவதற்கு முன், கோயில் அடக்கப் பதிவேட்டில் நிஜப் பெயர் ஏறியிருந்தது. சனிக்கிழமை மகள் திறக்கச் சொல்லப்போகும் பீரோவில்தான் அந்தப் புத்தகம் இருக்கிறது.

*

வியாழக்கிழமை அவர் காலனிக்குத் தனியாகப் போய் வந்தார். கோயில் வாசல் வரை போனார். சாமியாரிடம் என்னவென்று சொல்வது? புத்தகத்தைக் கரையான் அரித்துவிட்டதென்று சொல்லுங்கள் என்றா? வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஜுரம் என்று படுத்துப் பார்த்தார். "அப்ப நான் மட்டும் போய்ட்டு வரேன்பா," என்றாள் மகள். அவள் தனியாகப் போவது அதைவிடப் பயமாக இருந்தது. ஜுரம் உடனே விட்டுவிட்டது.

ரிட்டையர்மென்ட் பேப்பர்கள் ஆபீஸில் மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தன. இந்தச் சமயத்தில் ஒரு வரி வெளியே வந்தால் வேலை, பென்ஷன், குவார்ட்டர்ஸ், இத்தனை வருஷ மரியாதை எல்லாம் ஒரே நாளில் போகும். ஜெயில் என்றுகூட நினைத்தார். ஆனாலும் ஸ்கூட்டரின் பின்னால் மகளை உட்கார்த்திக்கொண்டு சேத்தியாத்தோப்பு சாலையில் போகும்போது அவர் நினைத்துக்கொண்டிருந்தது ஜெயிலை இல்லை. புத்தகத்தைப் படித்துவிட்டு இவள் என் முகத்தை எப்படிப் பார்ப்பாள் என்பதைத்தான்.

பின்னாலிருந்து ஜெனிஷா பேசிக்கொண்டே வந்தாள். "அங்க ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு குடும்பப் பேராம்ப்பா. அப்பா வழியில ஒண்ணு, அம்மா வழியில ஒண்ணு. நல்லா இருக்குல்ல?"

"ரெண்டு பேரு வச்சிகினு எப்படித்தான் தூங்கறாங்களோ," என்றார் அவர். மகள் அதை வேடிக்கைப் பேச்சென்று சிரித்தாள்.

சாமியார் இளவயசுக்காரர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். அலுவலக அறையில் பீரோவைத் திறந்து தூசி தட்டி ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தார். 1966 ஏப்ரல். இருந்தது. வின்சென்ட் பெரர், சவரிமுத்து மகன். ஓரத்தில் மேரிசெல்வியோடு நடந்த திருமணத்தையும் பிற்பாடு குறித்திருந்தார்கள். ஜெனிஷா சந்தோஷமாகப் போட்டோ எடுத்தாள். செல்வநாதனுக்கு ஒரு மூச்சு வந்தது. இத்தோடு போயிருக்கலாம்.

"உங்க சித்தப்பா ஒருத்தர் சின்ன வயசுலயே இறந்துட்டார்னு போன்ல சொன்னீங்களே," என்று சாமியார் இன்னொரு புத்தகத்தை உருவினார். நல்ல மனசுக்காரர்கள்தான் இந்த மாதிரி ஆபத்தெல்லாம் செய்வார்கள். "குடும்ப வரலாறுன்னா அதையும் எடுத்துருவோம். 1987தானே?"

"வேணாம் சாமி, நேரமாச்சு," என்றார் செல்வநாதன். குரல் அவருக்கே கேட்கவில்லை.

சாமியாரின் விரல் பக்கத்தில் இறங்கிக்கொண்டே வந்து நின்றது. மகளும் குனிந்தாள். அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"வின்சென்ட் பெரர், வயது இருபது, மஞ்சள்காமாலை," என்று ஜெனிஷா வாசித்தாள். அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "ஃபாதர், எங்கப்பாவையே சாக அடிச்சிட்டாங்க. தம்பி பேருக்குப் பதிலா அண்ணன் பேரை எழுதியிருக்காங்க."

சாமியாரும் சிரித்தார். "பழைய புத்தகத்துல இப்படி நிறைய வருது. துக்க வீட்ல யாரு பேரு என்னன்னு கேட்டு எழுதறதுல தப்பாயிருக்கும். திருத்திரலாம்." மேஜை டிராயரிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். "பெரர்னு இருக்கறதை அடிச்சிட்டு, மேல செல்வநாதன்னு எழுதி நான் கையெழுத்து போடுதேன். கூடப்பிறந்தவர் நீங்க சாட்சியா கீழ ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சுது."

முடிந்தது. நிஜமாகவே முடிந்துவிடும். அந்த ஒரு கோட்டைக் கிழித்தால் பூலோகத்தில் அவரைப் பிடிக்கக் காகிதமே கிடையாது. முப்பத்தொன்பது வருஷம் எதற்குப் பயந்தாரோ அதை ஒரு சிவப்புப் பேனா வந்து துடைத்துவிட்டுப் போகிறேன் என்கிறது. மாதாவே என்று மனசுக்குள் சொன்னார். கையை நீட்டப்போனார்.

பேனா முனை காகிதத்துக்கு மேலே வந்தபோதுதான் அந்த எழுத்தைப் பார்த்தார். மங்கிய நீல மையில், வின்சென்ட் பெரர். அண்ணன் செத்ததற்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே அத்தாட்சி. சிலுவையில் இல்லை, நவம்பர் சீட்டில் இல்லை. இவன் செத்துப்போனான், இவனைப் பெற்றவர்கள் இவனுக்காக அழுதார்கள் என்று சொல்ல இந்த ஒரு வரிதான் இருக்கிறது. இதையும் அடித்துவிட்டால் அண்ணன் எங்கே போவான்?

"அடிக்காதீங்க சாமி," என்றார்.

சாமியார் நிமிர்ந்தார்.

"அது சரியாத்தான் எழுதியிருக்குது. செத்துப்போனவருதான் பெரர். எங்க அண்ணன்." அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "நான் செல்வநாதன்."

மகளைப் பார்க்கப் பயந்து, சட்டைக் கையை மடித்துவிட்டார். தழும்பு வெளியே வந்தது. சின்ன வயதில் அந்த வழுவழுப்பில் விரலை ஓட்டிக்கொண்டேதான் ஜெனிஷா தூங்குவாள். அடுப்பில் பட்டது என்று சொல்லி வைத்திருந்தார். ஒரு வகையில் பொய்யில்லை.

"இது எங்கப்பா வச்சது," என்றார். கொழுவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். கோர்வையாக வரவில்லை. நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடித்தார்.

சாமியார் பேனாவை மூடினார். புத்தகத்தையும் மூடி, பீரோவில் கீழ்த்தட்டில் வைத்துச் சாவியைத் திருப்பினார். "இந்தப் புத்தகத்துல தப்பு ஒண்ணும் இல்ல. அதனால திருத்த வேண்டியதும் இல்ல," என்றார். பிறகு, "தவக்காலந்தான் நடக்கு. பாவசங்கீர்த்தனத்துக்கு வாங்க. வந்து பேரைச் சொல்லியே ஆரம்பிக்கலாம்," என்றார்.

ஜெனிஷா வெளியே வந்து கல்லறைப் பக்கம் நடந்தாள். அவரும் பின்னாலேயே போனார். செல்வநாதன் என்று எழுதிய சிலுவைக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள். அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. பெல்ட் அறுந்து தலைக்கு மேல் ஆடுகிறபோதுகூட அவர் அப்படிப் பயந்ததில்லை.

"ரொம்ப வலிச்சுதாப்பா?" என்றாள் கடைசியில்.

"அப்ப வலிச்சுது."

அவள் கையை நீட்டித் தழும்பின் மேல் வைத்தாள். செல்வநாதன் அங்கேயே, சிலுவைக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து அழுதார்.

"அம்மாகிட்ட?"

"நான்தான் சொல்லணும். இன்னிக்கே சொல்றேன். கட்டுனது யாருன்னு அவளுக்குத் தெரிய வேணாமா?" ஒரு பயம் இறங்கிய இடத்தில் இன்னொன்று ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஜெனிஷா போனை எடுத்தாள். அந்த ஃபார்ம் பாதியில் நின்றிருந்தது. "இதை அழிச்சிடட்டுமா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "இன்னா கேக்கறாங்க?"

"உயிரோட இருக்கற ஃபெரர் எத்தனை பேருன்னு. மூணுன்னு போட்டிருந்தேன். ரெண்டுன்னு மாத்தணுமா?"

"ஏப்ரல் முப்பது வரைக்கும் மூணுன்னே இருக்கட்டும்மா," என்றார் அவசரமாக. மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு. இந்தப் பேரு உங்க குடும்பத்துக்கு எப்படி வந்துச்சுன்னு. ஸ்பெயின்லருந்து வந்த யாரோ ஒரு சாமியார் வழியா இருக்கலாம்னு எழுதி வச்சிருந்தேன்."

"அதை எடுத்துடு."

அவள் எடுத்தாள். பெட்டி காலியாக இருந்தது. "என்னன்னு போடட்டும்?"

அவர் சிலுவையைப் பார்த்தார்.

"எங்க அண்ணன்கிட்டருந்து வந்துதுன்னு போடு," என்றார்.